போனஸ் காலண்டரும் விலைக் காலண்டரும்

ஃப்ரிட்ஜோ வாஷிங் மெஷினோ மக்கர் பண்ண ஆரம்பித்தால் மதுரையில் எந்த வீட்டிலும் முதலில் எழும் கேள்வி, "இப்பவே வாங்கிடலாமா, தீபாவளி வரைக்கும் ஓட்டிடலாமா?" என்பதுதான். ஆடித் தள்ளுபடி, ஆயுத பூஜை, தீபாவளி, ஜனவரி 1, பொங்கல் என்று வருஷத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு ஆஃபர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால் "ஆஃபர் வரும்போது வாங்கு" என்பது இந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. எந்த ஆஃபர், எந்தப் பொருளுக்கு, யாருக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்ச நாளாக இதைத் துருவிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: விற்பனைத் திருவிழாவின் தேதி நம் கையில் பணம் வரும் நாளைப் பார்த்து வைக்கப்படுகிறது. பொருளின் விலை இறங்கும் நாள் வேறொரு கணக்கில் வருகிறது. சில வருஷம் இரண்டும் ஒன்றாக வந்து விழும். பல வருஷம் விழாது.

மதுரைக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு பழகியதுதான். மீனாட்சி கல்யாணமும் தேரோட்டமும் ஒரு காலத்தில் மாசி மாதத்தில் நடந்தன என்றும், 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் அதைச் சித்திரைக்கு நகர்த்தி அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்த்தார் என்றும் சொல்வார்கள். தேர் ஓடும் வீதிக்கு இன்றும் மாசி வீதி என்றே பெயர் இருப்பதற்கு அதைத்தான் காரணமாகக் காட்டுவார்கள். மாற்றியதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று, அறுவடை முடிந்து சுற்றுவட்டாரச் சனங்களின் கையில் நேரமும் நெல்லும் இருந்த மாதம் சித்திரை என்பது. திருவிழா இருக்கும் இடத்தில் சந்தையும் இருக்கும். மாட்டுத்தாவணி என்ற பெயரில் உள்ள 'தாவணி' மாட்டுச் சந்தையைக் குறிக்கும் சொல். நாம் இப்போது அங்கே பஸ் ஏறுகிறோம், அவ்வளவுதான்.

ஆடி இதற்கு நேர் எதிர். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது பழமொழி. வீட்டில் இருக்கிற காசு விதைக்கும் உழவுக்கும் போய்விடும் மாதம் அது. முகூர்த்தமும் கிடையாது. வாங்க ஆள் வராத மாதத்தில் கடைக்காரர் விலையைக் குறைத்து ஆளை வரவழைத்தார். ஜவுளிக்கடையில் நிலைத்த இந்த வழக்கம் பின்னால் பாத்திரக்கடைக்கும், அங்கிருந்து டிவி, ஃப்ரிட்ஜ் கடைகளுக்கும் வந்தது. தீபாவளி இந்தக் கணக்கில் வராது. சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். 8.33 என்ற விநோதமான எண் எங்கிருந்து வந்தது என்றால், நூறைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள்: வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம். மில், போக்குவரத்து, மின்வாரியம் என்று தொழிலாளி இருக்கும் வீடுகளில் அந்தப் பணம் ஐப்பசிக்கு முன்னால் வந்து சேரும். விளக்குத்தூணிலும் தெற்கு மாசி வீதியிலும் நடக்க முடியாமல் போவது அந்த வாரத்தில்தான்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகும். ஆடியில் நாம் கடைக்குத் தேவைப்படுகிறோம். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நமக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். பேரம் பேச எந்த நாள் நல்ல நாள் என்று பஞ்சாங்கம் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் பேரத்தால் இறங்குவது சில நூறு, மிஞ்சினால் ஓரிரு ஆயிரம். பெரிய இறக்கம் வரியிலும் மாடல் மாற்றத்திலும்தான் வருகிறது. அதற்கு 2025ஐ விட நல்ல உதாரணம் கிடைக்காது.

2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்தபோது பெரும்பாலான வீட்டு மின்சாதனங்கள் 28 சதவீதத்தில் இருந்தன. 2018 ஜூலை 27 முதல் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, சின்ன டிவி எல்லாம் 18க்கு இறங்கின. 2019 ஜனவரியில் 32 அங்குலம் வரையான டிவியும் இறங்கியது. ஏசி, 32க்கு மேற்பட்ட டிவி, பாத்திரம் கழுவும் மெஷின் ஆகியவை மட்டும் 28லேயே நின்றன. 2025 ஆகஸ்ட் 15 சுதந்திர தின உரையில் தீபாவளிக்குள் வரி குறையும் என்று பிரதமர் அறிவித்தார். செப்டம்பர் 3இல் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள், அமலுக்கு வந்தது. அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டும் 23ஆம் தேதி தங்கள் பண்டிகை விற்பனையைத் தொடங்கின.

ஆகஸ்ட் 15க்கும் செப்டம்பர் 22க்கும் நடுவில் இருந்த ஐந்து வாரத்தைக் கவனியுங்கள். அது கிட்டத்தட்ட முழு ஆவணி. முகூர்த்த மாதம். சீர் கொடுக்க வேண்டியவர்கள் காத்திருக்க முடியாது. கேரளத்தில் ஓணம் செப்டம்பர் 5ஆம் தேதியே வந்துவிட்டது. அங்கே வீட்டுச் சாதனம் அதிகம் விற்கும் சமயம் அதுதான். இவர்கள் 28 சதவீதம் கட்டித்தான் ஏசி வாங்க வேண்டியிருந்தது. காத்திருக்க முடிந்தவருக்கு எவ்வளவு மிச்சம்? "பத்து சதவீதம்" என்று எல்லோரும் சொன்னார்கள். கணக்கு அப்படி வராது. வரிக்கு முந்தின விலை 30,000 ரூபாய் என்றால் பழைய வரியோடு 38,400, புதிய வரியோடு 35,400. மூவாயிரம் ரூபாய் குறைகிறது. நாம் கொடுத்துக்கொண்டிருந்த 38,400இல் அது 7.8 சதவீதம். பத்துக்கும் ஏழே முக்காலுக்கும் இருக்கிற வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். கடைக்காரர் "வரிக் குறைப்பு முழுசும் உங்களுக்கே" என்று சொல்லும்போது சரிபார்க்க உதவுகிற எண் இந்த 7.8தான்.

இன்னொன்று. அதே செப்டம்பர் 22 அன்று ஃப்ரிட்ஜுக்கும் வாஷிங் மெஷினுக்கும் வரியில் ஒரு பைசாவும் மாறவில்லை. அவை 2018லேயே இறங்கிவிட்டன. ஃப்ரிட்ஜுக்காக அந்த ஐந்து வாரம் காத்திருந்தவர் வரிக்காகக் காத்திருந்ததாக நினைத்திருந்தால், இல்லாத பஸ்ஸுக்குத்தான் நின்றிருக்கிறார். ஏசிக்குக் காத்திருந்தவரும் 22ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். அக்டோபர் 20 தீபாவளி வரை போனதால் வரியில் மேற்கொண்டு எதுவும் கிடைக்கவில்லை.

வரி மாற்றம் எப்போதாவதுதான் வரும். ஸ்டார் மாற்றம் அதைவிட அடிக்கடி வரும், அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சாதனங்களில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டும் திட்டத்தை மத்திய எரிசக்தித் திறன் பணியகம் 2006இல் தொடங்கியது. எத்தனை நட்சத்திரம் என்பதற்கான அளவுகோலை அவர்கள் சில வருஷங்களுக்கு ஒருமுறை உயர்த்துகிறார்கள். ஏசிக்கு 2022 ஜூலையிலும் 2026 ஜனவரியிலும் உயர்ந்தது. ஃப்ரிட்ஜுக்கு 2023 ஜனவரியில். உயர்த்தும் அன்று, நேற்று ஐந்து நட்சத்திரமாக இருந்த மெஷின் பொதுவாக நான்கு நட்சத்திரமாகிவிடும். மெஷினுக்குள் ஒரு திருகாணிகூட மாறியிருக்காது.

அளவுகோல் மாறுவதற்கு முந்தின வாரங்களில் பழைய ஸ்டிக்கர் சரக்கைத் தள்ளிவிடக் கடைக்கும் கம்பெனிக்கும் அவசரம் இருக்கும். அதில் வாங்குவது தப்பே இல்லை, விலை நியாயமாக இருந்தால். புதிய நான்கு நட்சத்திர விலைக்குப் பழைய ஐந்து நட்சத்திரத்தை வாங்கினால் சரி. ஐந்து என்ற எண்ணுக்காகக் கூடுதலாகக் கொடுத்தால் நஷ்டம். அதனால் நட்சத்திரத்தை எண்ணுவதற்கு முன்னால் ஸ்டிக்கரில் இருக்கும் வருஷத்தைப் படியுங்கள். அப்படியே அட்டைப்பெட்டியில் இருக்கும் தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். அதைக் கட்டாயம் அச்சிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஒன்றரை வருஷம் குடோனில் கிடந்த பெட்டி என்றால் அதைச் சொல்லி விலை கேட்கலாம். சொன்னால்தான் இறங்கும்.

ஏசி ஸ்டிக்கரில் நட்சத்திரத்தோடு ஒரு யூனிட் கணக்கும் இருக்கும். வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடினால் இவ்வளவு யூனிட் என்று அர்த்தம். ஒன்றில் 1,050 என்றும் இன்னொன்றில் 800 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 250 யூனிட். இதை ரூபாயாக்க நம் கரண்ட் பில் வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக ஏறும். 2024 ஜூலைக் கட்டணப்படி 200க்கும் 400க்கும் நடுவில் யூனிட்டுக்கு ஐந்து ரூபாய்க்குள், 500ஐத் தாண்டினால் எட்டு ரூபாய்க்கு மேல், 600ஐத் தாண்டினால் ஒன்பதுக்கு மேல். ஆக 400க்குள் நிற்கிற வீட்டுக்கு அந்த 250 யூனிட் ஆயிரத்து இருநூறு ரூபாய் அருகில். 500ஐத் தாண்டும் வீட்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல். ஒரே ஏசி, இரண்டு வீட்டில் இரண்டு லாபம்.

500 என்ற கோட்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. அதற்குள் நின்றால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குச் சலுகை விலை. 501 ஆனால் அந்த நூறு யூனிட்டுக்கும் சலுகை போய்விடும், ஒரே யூனிட்டில் பில் இருநூறு ரூபாய்க்கு மேல் எகிறும். சித்திரை, வைகாசி பில்லில் கோட்டை ஒட்டி நிற்கிற வீடுகளுக்கு ஐந்து நட்சத்திரம் வேறு விதத்திலும் உதவும்.

ஆனால் 1,600 மணி நேரம் நம் வீட்டில் ஓடுமா? பங்குனியில் தொடங்கி ஆனி வரை நாலு மாதம், ராத்திரி எட்டு மணி நேரம் என்றால் 960 மணி நேரம்தான். ஸ்டிக்கர் சொல்லும் லாபத்தில் அறுபது சதவீதம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை என்றால் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். மதுரை வெயிலை வாங்கிய கான்கிரீட் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சுடும். இரண்டு மாடலுக்கும் விலை வித்தியாசம் எட்டாயிரம் என்றால், 500க்கு மேல் போகும் வீட்டுக்கே போட்டது திரும்ப ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். வயசானவர்களோ கைக்குழந்தையோ இருந்து பகலிலும் ஓடும் வீட்டுக்கு மூன்று நாலு வருஷத்தில் வந்துவிடும். இந்தக் கணக்கை நீங்கள்தான் போட வேண்டும். கடையில் யாரும் உங்கள் பழைய பில்லைக் கேட்கப் போவதில்லை.

கடையில் நம்மிடம் ஓடி வந்து பேசும் பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அண்ணே, இது பெஸ்ட்டுண்ணே, எங்க வீட்டுலயே இதான்" என்பவர் பல கடைகளில் கடையின் ஆள் கிடையாது, ஒரு கம்பெனி நிறுத்தி வைத்திருக்கும் ஆள். அவர் சம்பளமும் இன்சென்டிவும் அந்த பிராண்டில் இருந்து வருகின்றன. அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை, அவர் வேலை அது. இரண்டு கம்பெனியை ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லி அவரிடம் கேட்பதுதான் வீண். கடைசி விலையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். மாதக் கடைசியில் கேட்டால் இன்னும் நல்லது, கம்பெனி கொடுத்த விற்பனை இலக்கு நெருங்கி வரும் நேரம் அது.

அடுத்தது "வட்டியில்லாத் தவணை". 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, பூஜ்ய சதவீத வட்டி என்பதே உண்மையில் கிடையாது என்று சொல்லி, கிரெடிட் கார்டில் அப்படிப்பட்ட திட்டங்களை நிறுத்தச் சொன்னது. அதற்குப் பிறகு பெயர் மாறி, 'நோ காஸ்ட் இஎம்ஐ' வந்தது. உள்ளே நடப்பது இது: வட்டி இருக்கிறது. அந்த வட்டி அளவுக்குக் கம்பெனியோ கடையோ தள்ளுபடி கொடுத்து ஈடுகட்டுகிறது. கார்டில் போட்டால் வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக வரும், பிராசசிங் கட்டணமும் வரும். முக்கியமான கேள்வி ஒன்றுதான்: "ரொக்கமா குடுத்தா எவ்வளவுக்குத் தருவீங்க?" 36,000 ரூபாய்ப் பொருளை மாதம் 3,000 வீதம் பன்னிரண்டு தவணையில் தருகிறார்கள், ரொக்கத்துக்கு 34,000 என்கிறார்கள் என்றால் அந்த இரண்டாயிரம்தான் வட்டி. வருஷத்துக்கு ஏறக்குறைய 10.7 சதவீதம். கந்து வட்டியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ தேவலை, நகையை அடகு வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தவணையில் வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். மாதச் சம்பளக்காரர் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வந்ததே தவணையால்தான். விலை தெரிந்து வாங்க வேண்டும் என்கிறேன். ரொக்க விலையும் 36,000தான் என்று கடைக்காரர் உறுதியாக நின்றால், தாராளமாகத் தவணையில் வாங்குங்கள், லாபம் உங்களுக்கு.

"எம்ஆர்பியில் 45 சதவீதம் தள்ளுபடி" என்ற போர்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எம்ஆர்பி என்பது இதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்ச விலை. அதைக் கம்பெனியே எழுதிக்கொள்கிறது. அந்த விலைக்கு யாரும் டிவி வாங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஒப்பிட வேண்டியது போன மாத விலையோடு. ஆவணியிலேயே ஒருநாள் டவுன்ஹால் ரோட்டுப் பக்கமோ பைபாஸ் ரோட்டிலோ இரண்டு கடை ஏறி, மாடல் நம்பரோடு விலையை எழுதி வைத்துக்கொண்டால் ஐப்பசி போர்டைப் படிப்பது சுலபம். மாடல் நம்பரை முழுசாக எழுதுங்கள். கடைசி எழுத்து ஒன்று மாறினால் அது ஆன்லைனுக்கென்று செய்த வேறு மாடலாக இருக்கலாம். டிரம்மோ மோட்டாரோ உத்தரவாதமோ வேறாக இருக்கும். வங்கிக் கார்டுத் தள்ளுபடியில் உச்சவரம்பைப் பாருங்கள்: 10 சதவீதம், அதிகபட்சம் 1,500 என்றால் 40,000 ரூபாய் டிவிக்கு அது நாலு சதவீதம்கூடக் கிடையாது.

"இன்னும் 2 மட்டுமே மீதம்", ஓடுகிற கடிகாரம், கேட்காமலே கூடையில் ஏறி உட்காரும் கூடுதல் வாரன்டி, கடைசித் திரையில் முளைக்கும் கட்டணம்: இந்த மாதிரி தந்திரங்களை 2023 நவம்பர் 30 அன்று வெளியான மத்திய நுகர்வோர் வழிகாட்டு விதிகள் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கின்றன. தடை செய்தாலும் பணம் கட்டுவதற்கு முன் கூடையை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

நம்ம பக்கத்தில் வேறு ஊர்க்காரர்கள் போடாத ஒரு கணக்கும் இருக்கிறது: சீர். கட்டில் பீரோவோடு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, கிரைண்டர், டிவி என்று ஒரே பில்லில் ஐந்தாறு பொருள் வாங்குகிற வாடிக்கையாளர் எந்தக் கடைக்கும் பெரிய வாடிக்கையாளர். தீபாவளிக் கூட்டத்தில் போய் நின்றால் அந்த மதிப்பு தெரியாமல் போகும். தை முகூர்த்தம் என்றால் தீபாவளிக்கும் ஜனவரி 1க்கும் நடுவில், கார்த்திகையில் போவது பேரத்துக்கு நல்லது. இதில் கவனிக்க வேண்டியது வாரன்டி. அது பெரும்பாலும் பில் தேதியில் இருந்து ஓடும், பெட்டி பிரித்த தேதியில் இருந்து கிடையாது. தீபாவளி ஆஃபரில் வாங்கி வைகாசிக் கல்யாணம் வரை மச்சில் அடுக்கி வைத்தால் ஒரு வருஷ வாரன்டியில் ஏழு மாதம் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே கழிந்துவிடும். அதற்குப் பதில், விலையைப் பேசி முடித்து முன்பணம் கட்டிவிட்டு, கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் பில் போட்டு இறக்கச் சொல்லலாம். சில கடைகள் ஒத்துக்கொள்ளும். பேசிய விலை, மாடல் நம்பர், "இடையில் வரி குறைந்தால் குறைந்த விலை" என்ற மூன்றையும் முன்பண ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாவதை 2025க்கு முன்னால் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். ஏசி என்றால் காத்திருக்கலாம். அக்னி நட்சத்திரத்தில் வாங்கினால் விலை மட்டுமல்ல, மாட்டுகிற ஆளும் கிடைக்க மாட்டார். மழை தொடங்கிய பிறகு, ஐப்பசி முதல் மார்கழி வரை, இரண்டுமே சுலபம். வாஷிங் மெஷினுக்கும் ஓரிரு மாதம் காத்திருக்கலாம், கையால் துவைக்கப் போவது யார் என்று வீட்டில் கேட்டுவிட்டு. டிவிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் காத்திருக்கலாம். ஃப்ரிட்ஜ் நின்றுபோனால் அப்படி முடியாது. மூன்று மாதம் மாவும் பாலும் கெட்டு, தினம் கடையில் மாவு வாங்குகிற செலவைக் கூட்டினால், தீபாவளியில் மிச்சம் பிடிக்க நினைத்த இரண்டாயிரத்தை அது தின்றுவிடும். இன்சுலின் வைக்கிற வீடு என்றால் பேச்சே வேண்டாம், அன்றைக்கே வாங்க வேண்டும்.

எப்போது வாங்கினாலும், பழைய மெஷினைக் கொடுத்து வாங்குவதாக இருந்தால், முதலில் எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் விலையைப் பேசி முடித்துவிட்டு அதற்குப் பிறகு பழையதைப் பற்றிப் பேச்செடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பேசினால் எதில் குறைந்தது என்றே தெரியாது. ஏசிக்கு மாட்டுகிற கூலி, கூடுதல் செம்புக் குழாய், ஸ்டாண்டு மூன்றும் பில்லுக்கு வெளியே வரும் செலவு, அதையும் கடையிலேயே கேட்டுவிடுங்கள். பெட்டியைக் கடை ஆள் முன்னாலேயே பிரியுங்கள், பிரிப்பதைப் போனில் வீடியோ எடுங்கள். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் மெஷினில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை, கடையும் காது கொடுக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம்.